சொன்னதைச் சொன்னபடி

பிப்ரவரி 27, திங்கள்

பஸ் கண்டக்டரான என் வீட்டுக்காரருக்குப் போக்குவரத்து யூனியனில் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக அரிசி டப்பாவுக்கு மூடியாகக் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்திருக்கிறேன். பதினோரு வருடமாக அடுத்தவர் சொல்வதையே எழுதி எழுதி, சொந்தமாக ஒரு வரியாவது எழுத வருமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் பெயர் உலகம்மாள். வயது நாற்பத்தாறு. படிப்பு பிளஸ் டூ. தொழில், ஜாக்கெட் தைப்பது. அதுபோக இன்னொரு வேலை உண்டு. பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்குப் பரீட்சை எழுதுவது. கேள்வியை இரண்டு தடவை சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அவர்கள் பதில் சொல்லுவார்கள், நான் எழுதுவேன். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. தப்பாகச் சொன்னாலும் தப்பாகத்தான் எழுத வேண்டும். நாங்கள் அவர்களைக் கேண்டிடேட் என்று சொல்லுவோம். கேண்டிடேட் சொன்னதைச் சொன்னபடி. அவ்வளவுதான் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. எழுதுகிறவர் கேண்டிடேட்டைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும், அந்தப் பாடத்தைப் படிக்கிறவராகவும் இருக்கக் கூடாது. அந்த வகையில் என்னைப் போலத் தகுதியான ஆள் திருநெல்வேலி ஜில்லாவிலேயே கிடையாது. பி.ஏ. பரீட்சையா, எம்.ஏ. பரீட்சையா, கூப்பிடு உலகம்மாளை!

எங்கள் அமைப்பின் பெயர் துணைக்கை. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஆபீஸ். நடத்துகிறவர் ஞானதுரை அண்ணாச்சி. ஐம்பத்திரண்டு வயது, அவருக்கும் பார்வை கிடையாது. இன்றைக்கு அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஏப்ரல் 17ஆம் தேதி பல்கலைக்கழகப் பரீட்சை ஆரம்பம். வழக்கமாக எழுத வரும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் அதே நாட்களில் பரீட்சையாம். நம்மிடம் பத்தொன்பது கேண்டிடேட். எழுத எட்டே பேர்.

"பதினோரு பேரை எங்கன போய்த் தேடுவேன் உலகு? ஆள் இல்லைன்னா அந்தப் பிள்ளைக ஹாலுக்குள்ளேயே போக முடியாதே."

பேச்சியம்மாளை நினைத்துக்கொண்டேன். வரலாறு மூன்றாம் வருடம். இந்தத் தடவை எழுதித் தேறினால்தான் ஜூனில் பி.எட். சேரலாம். டீச்சராக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறவள். அவளுக்கு நான் எழுதிவிடுவேன். மற்ற பிள்ளைகளுக்கு? நான் ஒருத்தி, ஒரே நேரத்தில் ஒரு நாற்காலியில்தானே உட்கார முடியும்?

இரவுச் சாப்பாடு: தோசை, தக்காளிச் சட்னி. பரவாயில்லை, எழுத வருகிறது.

மார்ச் 1, புதன்

சென்னையில் தாரிணி என்று ஒரு பெண் இருக்கிறாள். தொண்டு அமைப்புகளை எல்லாம் கூட்டி, புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை சமூக ஊடகத்தில் ஒரு நேரலை அரட்டை நடத்துகிறாள். அரட்டை என்றால் சத்தமே இருக்காது, எல்லாம் எழுத்து. அவள் கே1 என்று போட்டு ஒரு கேள்வி கேட்பாள். அங்கங்கே இருக்கிற அமைப்புகள் ப1 என்று போட்டுப் பதில் எழுதும். பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி, மொத்தம் ஆறு. அண்ணாச்சி யாரிடமோ கேள்விப்பட்டு அவளுக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கே போய்ப் பேசினால் ஆள் கிடைக்கும் என்று நம்பிக்கை.

"முதல் வாரம் ஒண்ணும் எழுதாதீங்க சார். சும்மா உட்கார்ந்து பாருங்க. யார் யார் வர்றாங்க, எப்படிப் பேசிக்கறாங்கன்னு பிடிபட்டதும் அடுத்த வாரம் உள்ளே வாங்க" என்று அவள் சொன்னாளாம்.

பார்த்தோம். பார்த்தது நான், கேட்டது அண்ணாச்சி. அவருடைய போனே வாசித்துக் காட்டும், ஆனால் அது தமிழை வாசிக்கிற அழகுக்கு நானே தேவலை. மதுரையில் நாய் காப்பகம், ஓசூரில் ஏரி தூர்வாருகிறவர்கள், வள்ளியூரில் வீட்டோடு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி கொடுக்கிறவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். மூன்றாவது கேள்வியிலேயே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்ச் 3, வெள்ளி

மத்தியானம் ஆபீஸுக்குப் போனேன். யாரும் இல்லை. உள்ளறையும் இருட்டாகத்தான் கிடந்தது. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். தொலைநிலைக் கல்வி விண்ணப்பம். ஜாக்கெட் அளவு வெட்டி வைக்கக் கெட்டிக் காகிதம் வேண்டுமே என்று வாங்கியது. வாங்கியது வாங்கியாயிற்று, என்னதான் போட்டிருக்கிறது என்று வாசித்தேன். பழக்க தோஷம், சத்தமாக. இரண்டு தடவை.

"இளங்கலை வரலாறு. மூன்று ஆண்டுகள். வயது வரம்பு இல்லை. ஜூலைச் சேர்க்கைக்குக் கடைசி நாள் 31."

எனக்கு எதற்கு? நான் வரலாறு படிக்கப் போனால் வரலாற்றுக் கேண்டிடேட்டுகளுக்கு எழுத முடியாது. பட்டமே வாங்கிவிட்டால் பி.ஏ. பிள்ளைகள் யாருக்குமே எழுத முடியாது. இருக்கிற எட்டில் ஒன்று குறைந்துவிடும். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். தேதியைச் சும்மா குறித்து வைக்கிறேன்.

காகிதம் ஜாக்கெட் கை அளவுக்குப் பற்றாது. மடித்துத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 8, புதன்

இன்று அசடு வழிந்த நாள்.

அண்ணாச்சி இரண்டு நாளாகத் தயார் செய்திருந்தார். நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். தாரிணி கேள்வி போட, நான் வாசிக்க, அவர் சொல்ல, நான் எழுத, ஆறு பதிலும் ஜோராகப் போயிற்று. ஒரு பதிலில் கண் கலங்குகிற மாதிரிகூடச் சொன்னார்.

"யாரும் எதுவும் சொல்லுதாங்களாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. யோசிக்காங்க போல."

ஐந்து மணிக்கு அப்புறமும் யோசித்தார்கள். ஐந்தேகாலுக்குத் தாரிணியிடமிருந்து போன்.

"சார், ஏன் இன்னிக்கு வரலை?"

விஷயம் இதுதான். ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் #புதன்பேச்சு என்று ஒரு அடையாளச் சொல் போட வேண்டுமாம். அதைப் போட்டால்தான் பந்தியில் இலை விழும். நாங்கள் ஒரு மணி நேரமும் சுவரைப் பார்த்துப் பேசியிருக்கிறோம்.

"ஏம்மா, அதப் போடலியா நீ?"

"நீங்க சொல்லலியே அண்ணாச்சி."

"அத வேற நான் சொல்லணுமா?"

"சொல்லாதத நான் எப்படி எழுதுவேன்? பதினோரு வருசப் பழக்கம்லா!"

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நின்றபின், "சரி, இனிமே ஒண்ணு விடாமச் சொல்லுதேன்" என்றார். நானும் ஒன்று விடாமல் எழுதுவதாக ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 11, சனி

எட்டு பேர்தான். ஐந்து ஜாக்கெட் முடித்தேன். மஞ்சள் ஜாக்கெட்டுக்கு ஊக்கு பாக்கி.

மார்ச் 12, ஞாயிறு

பேச்சி வந்திருந்தாள். அவள் சொல்ல நான் எழுதிப் பழகிப் பார்த்தோம். பேச்சி சொல்லுகிற வேகத்துக்கு எக்ஸ்பிரஸ் வண்டிகூடத் தோற்றுவிடும். "யக்கா, எழுதிட்டீயளா, எழுதிட்டீயளா" என்று நடுநடுவே ஒரு உலுக்கு வேறு.

போன செமஸ்டரில் நடந்ததை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. வேலூர்க் கலகம் 1801 என்று சொன்னாள். எனக்குத் தெரியும், 1806. ஜூலை பத்து என்று தேதிகூடத் தெரியும். பேனா நகர மாட்டேன் என்றது. வாய்க்குள் நாக்கைக் கடித்துக்கொண்டு 1801 என்று எழுதினேன். அன்று ராத்திரி சோறு போடும்போது இவரைப் பார்த்து "ஆயிரத்து எண்ணூத்தி ஆறு!" என்று கத்திவிட்டேன். பாவம், டிக்கெட் கணக்கு கேட்கிறேன் என்று நினைத்துத் தாளைத் தேடினார்.

தெரிந்த பதிலை எழுத முடியாமல் இருப்பது தொண்டையில் முள் மாட்டின மாதிரி. போகட்டும். என் வேலை அது இல்லை.

பேச்சி போகும்போது கேட்டாள். "யக்கா, மத்த பிள்ளைகளுக்கு ஆள் கெடைச்சிரும்லா? எனக்கு மட்டும் நீங்க இருந்து, அவளுக வெளிய நிக்கணும்னா எனக்கு ஒரு வரி ஓடாது."

கிடைத்துவிடும் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

மார்ச் 15, புதன்

என்ன சொல்ல! என் மானம் போயிற்று என்பதா, வந்தது என்பதா?

நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். போன வாரத்து ஒப்பந்தம் நினைவில் இருக்கிறது. அண்ணாச்சி ஒன்று விடாமல் சொல்லுவார், நான் ஒன்று விடாமல் எழுதுவேன். வேகம் வேறு. ஒரு பதிலை அனுப்பி முடிக்குமுன் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. கே2: உங்கள் அமைப்புக்கு இப்போது எது மிக அவசரத் தேவை?

அண்ணாச்சி சொன்னார். நான் எழுதினேன். அனுப்பினேன். போனது இதுதான்:

"ப2: எங்களுக்குக் காசு வேண்டாம். ஏப்ரல் மாதத்தில் உங்களுடைய மூன்று மணி நேரம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் தெரியும். எழுதக் கைதான் இல்லை. உலகு, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைம்மா, காது அடைக்கு. #புதன்பேச்சு"

கடைசி வரியை அவர் என்னிடம் சொன்னார் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் வள்ளியூரிலிருந்து ரோஸ்லின் என்ற பெண் எழுதிவிட்டாள். "ஃபேனைக் குறைச்சாச்சா?"

அதற்கப்புறம் ஓசூர், "எங்களுக்கும் குளிருகிறது." மதுரை நாய் காப்பகம், "உலகு யார்?" தாரிணியே சிரிக்கிற முகம் ஒன்று போட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு அண்ணாச்சி அதெல்லாம் வேண்டாம் என்றார்.

"கேக்காங்கல்லா, பதில் சொல்லு. நீ யாருன்னு நான் சொல்லுதேன், எழுது."

எழுதினேன். உலகம்மாள் பரீட்சை எழுதுகிறவர், சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் அவர் வேலை, அந்தப் பழக்கத்தில் ஃபேனும் வந்துவிட்டது, இப்படிப்பட்ட பதினோரு கைகளைத்தான் தேடுகிறோம் என்று. எங்கள் வேலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நோட்டீஸிலும் நாங்கள் சொன்னதில்லை. ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுவார்களா, தப்பைக்கூடவா, என்று கேள்வி மேல் கேள்வி. மற்ற அமைப்புகள் எழுதியதற்கும் அண்ணாச்சி பதில் சொல்லச் சொன்னார். மதுரை நாய்க்குட்டி ஒன்றின் பெயரைக் கேட்டுப் பாராட்டினோம். போன வாரம் எங்கள் பெருமையை மட்டும் பேசினோம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ஃபேனை இன்னும் குறைக்கவில்லை. ஐந்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 16, வியாழன்

அரட்டை முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாச்சி விடவில்லை. நேற்று எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டுமாம். முப்பத்திரண்டு பேர். வர ஆசைதான், ஆனால் சென்னையில் இருக்கிறேன், கோவையில் இருக்கிறேன் என்று பாதிப் பேர். "உங்க ஊர்லயும் இந்த மாதிரிப் பிள்ளைக இருப்பாங்க, அங்கன போங்க" என்று அவர்களுக்கெல்லாம் சொல்லச் சொன்னார்.

ரோஸ்லின் மட்டும் திருப்பி ஒரு கேள்வி கேட்டாள். "பிளஸ் டூ போதுமா?"

போதும் என்று எழுதினேன். இதற்கு அண்ணாச்சி சொல்லும்வரை காத்திருக்கவில்லை. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

மார்ச் 19, ஞாயிறு

மீன் குழம்பு. முள் குத்தியது. ரோஸ்லினிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மார்ச் 22, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கே3 போய்க்கொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம் என்று கேள்வி. ரோஸ்லின் எல்லார் முன்னாலும் எழுதினாள். "ப3: எங்களிடம் பயிற்சியில் பதினான்கு பெண்கள் இருக்கிறார்கள். எல்லாரும் பிளஸ் டூ. பாதிப் பேர் கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பை விட்டவர்கள். நோயாளி சொல்வதைக் கேட்டு, அதையே குறிப்பேட்டில் எழுதப் பழகியவர்கள். வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் இருக்கிறது. துணைக்கைக்குக் கை தருகிறோம். #புதன்பேச்சு"

நான் அதை வாசித்தேன். இரண்டாவது தடவை வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அண்ணாச்சி மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"பதினாலா? பதினாலுதானே சொன்னே? பதினொண்ணு போக மூணு மிச்சம்!"

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே கே5 வந்தது. உங்கள் அமைப்பில் வெளியே தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதும்மா. ப5. எங்க உலகம்மாள் பதினோரு வருசத்துல நூத்தி அறுபத்து மூணு பேப்பர் எழுதியிருக்காங்க."

நான் பேசாமல் எழுதினேன். இது வரைக்கும் பரவாயில்லை.

"அந்தப் பேப்பர்களால ஒம்பது பேர் பட்டம் வாங்கியிருக்காங்க. அவங்ககிட்ட ஒரு பட்டம் கெடையாது. அவங்க வீட்டுல ஒரு விண்ணப்பம் இருக்கு. இளங்கலை வரலாறு. ஜூலை முப்பத்தொண்ணு கடைசி நாள்."

விரல் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி! உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே. மூணாம் தேதி, மத்தியானம். ரெண்டு தடவ சத்தமா வாசிச்சியே."

"அன்னைக்கு ஆபீஸ்ல யாருமே இல்லையே! உள்ள லைட்டுகூட எரியல!"

"நான் உள்ளாறதான் உக்காந்திருந்தேன். எனக்கு என்னத்துக்கு லைட்டு?"

பதினோரு வருடம் கூட இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. சிரிப்பதா, ஓடுவதா?

"எழுது. அவங்க சேராததுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. நான் படிக்கப் போயிட்டா உங்களுக்கு எழுத ஆள் குறைஞ்சிரும்னு. இன்னைக்கு வள்ளியூர்ல இருந்து பதினாலு பேர் வாராங்க. அதனால அந்தக் காரணம் தள்ளுபடி. எங்களுக்கு ஒரு கை குறைஞ்சா பரவாயில்ல. அவங்களுக்கு அவங்க கை வேணும்."

"இதை நான் எழுத மாட்டேன் அண்ணாச்சி."

"கேண்டிடேட் சொன்னதை மாத்தலாமா?"

"மாத்தக் கூடாது."

"கொறைக்கலாமா?"

"கூடாது."

"பொறவு என்ன, எழுது."

எழுதினேன். ஒரு பதிலுக்குள் அடங்கவில்லை, மூன்றாகப் பிரித்து அனுப்பினேன். கண்ணாடி நனைந்துவிட்டதால் எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தப்பான பதிலைத் திருத்தாமல் எழுதியிருக்கிறேன். சரியான பதிலை எழுதக் கை இப்படி மறுத்ததில்லை.

அடையாளச் சொல்லை மட்டும் போடாமல் விட்டுவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. யாருக்கும் தெரியாமல் போய்விடுமே. அதற்குள் அவர் சொல்லிவிட்டார். "ஹேஷ்டேக், புதன்பேச்சு. அத விட்டுராதே."

மார்ச் 23, வியாழன்

காலையில் இவர் டிபனைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா, நேத்து அரட்டையில எழுதுனதப் பாத்துட்டு டிப்போவுல கேக்காங்க. உங்க வீட்டம்மா எந்தக் காலேஜுன்னு. நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீங்க."

"நூத்தி அறுபத்து மூணு பரீச்சை எழுதுனவளுக்கு இன்னும் ஒரு பதினஞ்சு எழுதப் பயமா?"

"பயமெல்லாம் இல்ல. பெயிலாயிட்டா?"

கேட்ட பிறகுதான், பயம் அதுதான் என்று எனக்கே தெரிந்தது. ஆள் குறைந்துவிடும், கேண்டிடேட்டுகள் தவிப்பார்கள் என்று பக்கம் பக்கமாக இதில் எழுதியிருக்கிறேன். இதுவரை எழுதின பேப்பர் எதிலும் நான் தோற்றதில்லை. தோற்றவர்கள் அவர்கள். இனி தோற்றால் அது நான்.

"பெயிலானா திரும்ப எழுது" என்று சொல்லிவிட்டு இவர் ஒரு இட்லி கூட வைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

அண்ணாச்சியும் நானும் பேச்சியும் வள்ளியூர் போனோம். எழுத்தில் தெரிந்ததைவிட ரோஸ்லின் ஆள் சின்னது. எங்களை உட்கார வைத்து, முதல் வேலையாக ஃபேனைக் குறைத்தாள். எல்லாரும் சிரித்தோம்.

பதினான்கு பேரும் எழுதிப் பார்த்தார்கள். பேச்சி சொல்லச் சொல்ல எட்டிப் பிடித்து எழுதியவள் சகாயராணி, முப்பத்தைந்து வயது. பேச்சி வேண்டுமென்றே ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னாள். சகாயராணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். குனிந்து தப்பாகவே எழுதினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சி சொன்னாள். "யக்கா, என் பேப்பருக்கு சகாயராணி அக்கா வரட்டும். நீங்க வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன்ட்டி?"

"உங்க மூச்சு காட்டிக் குடுத்துருது. நான் தப்பாச் சொன்னா நீங்க மூச்சை இழுத்துப் புடிக்கீய. எனக்குத் தெரிஞ்சிருது. அது காப்பி அடிக்குற மாதிரிலா?"

போன செமஸ்டரில் 1801க்கும் மூச்சை இழுத்தேனா என்று கேட்டேன். இழுத்தேனாம். மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் சொல்லணும்" என்றாள் பேச்சி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 17, திங்கள்

பத்து மணி. பத்தொன்பது கேண்டிடேட். பத்தொன்பது பேரும் உள்ளே.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நான் வெளியே நின்றேன். அவசரத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வந்திருந்தேன், அவசரமே வரவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டேன், அவிழ்த்தேன். அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

ஒரு மணிக்குப் பேச்சி சகாயராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "யக்கா, வேலூர் கேட்டிருந்தான்! ஆயிரத்து எண்ணூத்தி ஆறு, ஜூலை பத்து!"

"உனக்கு எப்படித் தெரியும்ட்டி?"

"பஸ்ஸுல நீங்கதான ஆயிரத்து எண்ணூத்தி ஒண்ணுக்கு மூச்சை இழுத்தேனான்னு கேட்டீய? அப்பதான் அது தப்புன்னு எனக்கு உறுதியாச்சு! வீட்டுக்குப் போயி புஸ்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்."

ஜூன் 14, புதன்

முடிவு வந்துவிட்டது. பேச்சி முதல் வகுப்பு! பி.எட். இடமும் உறுதி. நான்கு மணி அரட்டையில் முதலில் ரோஸ்லினுக்குச் சொன்னோம், எல்லாரும் பார்க்கச் சொன்னோம். எங்கள் சந்தோஷத்துக்குச் சொந்தக்காரர்கள் அங்கேயும் இருக்கிறார்களே. தாரிணி அடுத்த மாதம் ஒரு புதன்கிழமையை எங்களையே நடத்தச் சொல்லியிருக்கிறாள். கேள்வி போடுவது நாம், பதில் சொல்வது அவர்கள். அண்ணாச்சி இப்போதே ஆறு கேள்விக்குப் பதிலாக இருபது யோசித்துவிட்டார்.

மஞ்சள் ஜாக்கெட்காரி ஊக்கு சரியில்லை என்று திரும்ப வந்தாள்.

ஜூலை 28, வெள்ளி

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். பாடம், வரலாறு. மெஷின் இழுப்பறையில் கிடந்ததால் ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. பரவாயில்லை என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். இன்றோடு வரலாற்றுக் கேண்டிடேட்டுகளுக்கு எழுதும் தகுதி எனக்குப் போயிற்று. மூன்று வருடத்துக்கு மற்ற பாடங்களுக்கு எழுதலாம். அதற்கப்புறம் சகாயராணி இருக்கிறாள்.

இவர் அல்வா வாங்கிவந்தார்.

டிசம்பர் 16, சனி

முதல் பரீட்சை.

ஹாலில் என் அம்மா வயதில் ஒருத்தர், பேச்சி வயதில் பத்து பேர். கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். முதல் கேள்வியைப் பார்த்தேன். "ஆங்கிலேயர் கொண்டுவந்த நிலவரி முறைகளை விவரி." ஹாலே திரும்பிப் பார்த்தது. சத்தமாக வாசித்திருக்கிறேன்!

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "அம்மா, மனசுக்குள்ள வாசிங்க."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை மனதுக்குள் வாசித்தேன். பேனாவைத் திறந்து தாளில் வைத்தேன். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக்கொண்டேன், காது கொடுக்கத் தோதாக.

ஒரு நிமிடம் போயிருக்கும். ஒன்றரை நிமிடம் போயிருக்கும். ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இந்தக் கேள்விக்கு இதுவரை நான்கு பேருடைய பதிலை எழுதியிருக்கிறேன். நான்கும் எனக்கு இன்னும் மனப்பாடம். என்னுடைய பதில் என்ன என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டிருக்கிறார்கள்.

கேண்டிடேட் முதல் வரியை ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். மூன்றாவது வரியிலிருந்து நிறுத்தவே இல்லை. பேச்சியைவிட வேகம். எழுதிட்டியா, எழுதிட்டியா என்று உள்ளேயிருந்து ஒரே உலுக்கல். கூடுதல் தாள் மூன்று வாங்கினேன்.